டெல்மர் கட்டி முடிக்காத வண்டி

வண்டி முடிந்துவிட்டது. டெல்மர் ஸ்விகார்ட்டுக்கு நான்கு வருஷத்தில் இப்படி ஓர் ஆபத்து வந்ததில்லை.

அது முடியாமல் பார்த்துக்கொள்ள அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ஸ்பிரிங்கை மாற்றினான். வண்டி ஆறு அங்குலம் உயர்ந்தது. உயர்ந்த வண்டிக்குப் பழைய டயர் அழகாக இல்லை என்று நெஞ்சளவு டயர் போட்டான். அந்த டயரை ஆக்சில் தாங்காது என்று முன்னும் பின்னும் ஆக்சிலை மாற்றினான். ஆக்சில் மாறியதால் பிரேக், பிரேக் மாறியதால் குழாய். ஒரு வேலை முடிகிற அன்றே இன்னொரு வேலையைப் பெற்றுப் போடுகிற வண்டி அது. டெல்மர் அதற்குப் பிரசவம் பார்த்துக்கொண்டு கராஜுக்குள் நிம்மதியாக இருந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தான். செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

கொலராடோவில் அந்த ஊரைச் சுற்றி நாலு பக்கமும் மலை. ஊரில் பாதிப் பேர் இப்படி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு, ஆடு ஏறத் தயங்குகிற இடத்தில் ஏற்றிப் பார்ப்பார்கள். டெல்மர் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்ப்பவன். அவனுடைய வெல்டிங் பிரசித்தம். அப்படி மலையேற்றுகிறவர்களின் கிளப் ஆட்கள் கராஜுக்கு வந்து அவன் பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போவார்கள். ஆனால் அந்த மகா நிபுணனுக்கு உயரம் என்றால் குலை நடுங்கும். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறமாட்டான்.

இது யாருக்கும் தெரியாது. முக்கியமாகக் கார்லீனுக்குத் தெரியவே கூடாது. அவன் மனைவி கார்லீன் மாவட்டத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவள். ஜனவரி மாசத்தில், தடுப்பே இல்லாத கணவாய்ச் சாலையில், ரோடு எது ஆகாயம் எது என்று தெரியாத வெள்ளையில், ஒரு கையில் காப்பியோடு போய்விட்டு வருகிறவள். அப்படிப்பட்டவளிடம் போய், 'எட்டிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்' என்று எந்தப் புருஷன் வாய் திறப்பான்?

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கார்லீன் கராஜுக்குள் வந்தாள்.

"எங்க முடிஞ்சுது? முன்னாடி ஆக்சில்ல லேசா ஒரு சத்தம்."

"எனக்குக் கேக்கலையே."

"அது ஓட்டுறவனுக்குத்தான் கேக்கும்."

"நீ எப்ப ஓட்டினே?"

டெல்மர் ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த இடத்தைத் துடைத்தான்.

"சனிக்கிழமை கிளப் மேல போகுது. உன் பேரைக் குடுத்துட்டேன்."

"மேலன்னா எங்க?"

"போதகர் படி."

துணி கீழே விழுந்தது. போதகர் படி என்பது அந்தக் காலத்தில் சுரங்கக்காரர்கள் கோவேறு கழுதைகளுக்காக மலையில் வெட்டிய தடம். நடுவில் முழங்காலுக்கு மேல் உயரமாக ஏழு பாறைப் படிகள். ஒரு வண்டி போனால் மிச்சம் ஒரு சாண் இருக்கும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. உச்சியில் ஒரு திடலோடு தடம் முடிந்துவிடும். வந்த வழியேதான் திரும்ப வேண்டும். சர்ச் பக்கமே போகாதவன்கூட அங்கே ஜெபம் பண்ணுவான் என்பதால் அந்தப் பெயர்.

"நாலு குளிர்காலமா என் காரு வெளியில நிக்குது, டெல். ஊர்ப் பனியெல்லாம் தள்ளிட்டு வந்து என் கண்ணாடியையும் நானே சுரண்டணும். இது ஓடுற வண்டியா, இல்ல கராஜ்ல வெச்சுக் கும்பிடுற வண்டியா? சனிக்கிழமை மேல ஏறணும். ஏறலேன்னா வித்துடறோம். டுராங்கோவுல ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான்."

"ஏறினா?"

"ஏறினா உன் வண்டி உனக்கு. நான் அப்பறம் வாயே திறக்கமாட்டேன்."

அவள் போய்விட்டாள். டெல்மர் வண்டியின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றான். விற்பதா? அதில் அவன் கை படாத திருகாணி ஒன்று கிடையாது. ஏற்றுவதா? ஏணியின் நாலாவது படியையே பார்க்காதவன் அவன். இரண்டில் எதைச் செய்தாலும் சாவுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை முழுக்க பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து யோசித்தான். யோசனை வந்தது. பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே என்று ஒரு சாமான் உண்டு. பாதித் தீப்பெட்டி அளவுதான். மலையடிவாரம் வரை நல்ல பிள்ளையாக ஓட்டிப் போவது. அங்கே யாரும் பார்க்காதபோது அதைப் பிடுங்கி ஓடையில் எறிவது. வண்டி உயிரை விடும். பார்த்தவர்கள் பரிதாபப்படுவார்கள். ஏறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஏற விடவில்லை விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் டெல்மர் தப்புக் கணக்குப் போட்டான். மலைத்தட ஆட்களை அவன் கராஜுக்குள் இருந்தபடியே அறிந்தவன். அவர்கள் மலைக்குப் போவது மலையைப் பார்க்க அல்ல. யாருடைய வண்டியாவது வழியில் படுக்காதா, நாம் சுமந்து வந்த சாமான் பயன்படாதா என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிற ஜென்மங்கள்.

சனிக்கிழமை காலை கார்லீனையும் ஏற்றிக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தான். அவனுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு வண்டி. பாறையில் பிடிப்பு வேண்டுமென்று எல்லோரும் குனிந்து டயர்க் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டெல்மர் காரியத்தை முடித்துவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது. அவ்வளவுதான்.

"ஐயோ, பாவம், போச்சே," என்றான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

பதினோரு பேர் ஓடி வந்தார்கள். அத்தனை முகத்திலும் கல்யாண வீட்டுக் களை.

"யாரும் தொடாதீங்க, நான் பாக்கறேன்," என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார் ஹெர்ஷல். கிளப்பின் தலைவர், எழுபத்திரண்டு வயசு. பம்புப் பக்கம் காதை வைத்தார். "சத்தமே இல்ல. ரிலே. அட, ரிலேயே இல்லப்பா இங்க."

"குலுங்கி விழுந்திருக்கும்," என்றான் டெல்மர். "என்ன பண்றது? நீங்க போங்க. நான் இங்கயே—"

"என்கிட்ட மூணு இருக்கு. ஒம்போது வருஷமா சுமக்கறேன். ஒருத்தனும் கேக்கமாட்டேங்கறான்." ஹெர்ஷல் தன் சாமான் பெட்டியைத் திறக்க ஓடினார்.

இன்னொருவர், மாட்டியது மறுபடி குலுங்கி விழாமலிருக்க ஒரு கம்பி வைத்துக் கட்டினார். வேறொருவர் பக்கத்தில் சும்மா இருந்த ஒயரையும் டேப் சுற்றினார். ஆறு நிமிஷத்தில் வண்டி முன்னைவிட நன்றாக உறுமியது. எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். கார்லீன் மட்டும் தட்டவில்லை. ஓடையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டெல்மர் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தான். எங்கேயோ உயரத்தில் நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அதுதான் தடம். உடனே அவன் கால் ஒரு கல்லில் இடறியது. அல்லது, இடறவேண்டுமென்று அவனே கல்லைத் தேடிப் போனான். விழுந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"பிசகிருச்சு. ஸ்டீயரிங் பிடிக்க முடியாது, கார்லீன்."

"அடடா," என்றாள் கார்லீன். "வலிக்குதா?"

"உயிர் போகுது."

"சரி, நான் ஓட்டறேன்."

இதைத்தானே எதிர்பார்த்தான். "நீ ஓட்டு. வண்டி ஏறினா சரி. நான் இங்க சாப்பாட்டுப் பெட்டிய பாத்துக்கறேன்."

"அதெப்படி?" என்றார் ஹெர்ஷல். "கட்டினவன் உள்ள இல்லாம முதல் தடவை மேல போன வண்டி நம்ம கிளப்புல கிடையாது. ஏறுப்பா. பக்கத்து சீட்டுல சும்மா உக்காந்துக்கோ."

போகட்டும், பக்கத்து சீட்டில் இருப்பவன் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று டெல்மர் மனசைத் தேற்றிக்கொண்டு வலது பக்கம் ஏறினான்; அமெரிக்க வண்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம். முதல் வளைவு திரும்பியதும் இடது பக்கம் மலை வந்து கார்லீனை உரசிக்கொண்டு நின்றது. அப்படியென்றால் வலது பக்கம்? டெல்மர் மெல்லத் திரும்பினான். வலது பக்கம் காற்று.

கதவாவது இருந்திருக்கலாம். கதவை எடுத்துவிட்டு வளைந்த ஒற்றைக் குழாயை வைத்தது அவனேதான். உட்கார்ந்தபடியே சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று பார்க்கலாமாம். இப்போது சக்கரம் தெரிந்தது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் கல் தெரிந்தது. அதற்குக் கீழே ஊர் தெரிந்தது, அவனுடைய பஸ் ஷெட்டின் கூரை தெரிந்தது. ஆறு அங்குலம் உயர்த்தியவன் நாசமாய்ப் போக என்று தன்னையே சபித்துக்கொண்டு, தலைக்கு மேலிருந்த இரும்புக் கைப்பிடியை இறுகப் பற்றினான்.

முதல் படி. வண்டி மூக்கைத் தூக்கியது. இரண்டாவது படியில் வலது பக்கமாகச் சாய்ந்தது. அப்படி வளைந்து கொடுக்க வேண்டுமென்றே அவன் தேடித் தேடிப் போட்ட ஸ்பிரிங்.

"நவம்பர்ல எங்க அண்ணன் வரான்," என்றாள் கார்லீன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி. "பத்து நாள் இருப்பான்."

"இருக்கட்டும்."

"நாயையும் கூட்டிட்டு வரான். மூணு."

"வரட்டும். ரோட்டைப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். கராஜ்ல இடது பக்கம் என் காருக்கு வேணும்."

"எடுத்துக்கோ."

"வலது பக்கமும்?"

"கராஜையே எடுத்துக்கோ. ரெண்டு கையாலயும் பிடி, கார்லீன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஐந்தாவது படியில் முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. கார்லீன் பிரேக்கை மிதித்து வண்டியை அப்படியே நிறுத்தினாள். ஒரு கல் உருண்டு விளிம்பைத் தாண்டிப் போயிற்று. அது விழுந்த சத்தத்துக்காக டெல்மர் காத்திருந்தான். வரவேயில்லை.

"ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணு கேக்கணும். பயமா இருக்கா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "பயமா இருக்கு. எனக்கு உயரம்னா எப்பவுமே பயம். நாலு வருஷமா இந்த நாளை நினைச்சு நினைச்சுப் பயந்துட்டிருக்கேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நம்ம வீட்டுக் கிறிஸ்மஸ் விளக்கு இருபது வருஷமா ஜன்னல் உயரத்தைத் தாண்டினதில்ல, டெல். ஊருக்கே தெரியும். நீ சொல்லுவியான்னு பாத்தேன்." அவள் அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். "சரி, பிடிச்சுக்கோ."

வண்டி உறுமி மேலே தாவியது. அவன் கட்டிய எதுவும் முறியவில்லை, கழலவில்லை, கிரீச்சிடக்கூட இல்லை. அந்த நடுக்கத்திலும் அவனுக்கு அது ஒரு சந்தோஷமாக இருந்தது.

உச்சித் திடலில் இறங்கியதும் டெல்மர் வண்டியிலிருந்து ஐம்பது அடி தள்ளி, எல்லாப் பக்கமும் தரையாக இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். கால் மணி நேரம் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. கிளப் ஆட்கள் வண்டிக்கு அடியில் படுத்து வெல்டிங்கைப் பார்த்துவிட்டு வந்து கைகொடுத்தார்கள். ஏறியாயிற்று. வண்டி இனி அவனுடையது. ஒரு சாண்ட்விச் தின்றான். இரண்டாவதைத் தின்னும்போது திடீரென்று ஒரு விஷயம் புரிந்து, சிரிப்பே வந்துவிட்டது.

இறங்கும்போது எல்லாம் தலைகீழ். மலை வலது பக்கம் வரும், பள்ளம் ஓட்டுகிறவர் பக்கம் போய்விடும். வலது சீட்டில் சாய்ந்துகொண்டு பாறையில் முளைத்த புல்லைப் பார்த்துக்கொண்டே வீடு போய்ச் சேரலாம். தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு எழுந்து, சீட்டியடித்துக்கொண்டே வண்டியின் வலது பக்கம் போனான்.

அங்கே கார்லீன் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது என் இடம், கார்லீன்."

"உன் இடம் அந்தப் பக்கம்."

"என் கை பிசகி—"

"அந்தக் கையாலதான் முக்கால் மணி நேரம் தொங்கிட்டு வந்தே. கைப்பிடியைப் பாரு."

பார்த்தான். கைப்பிடி வளைந்திருந்தது.

"ஏறினா வண்டி எனக்குன்னு சொன்னியே."

"அதைத்தான் நானும் சொல்றேன். உன் வண்டி, நீ ஓட்டு."

பின்னால் பதினோரு வண்டிகள் வரிசையாக நின்று உறுமின. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் ஹெர்ஷலின் குரல் வந்தது: "டெல்மர், நீ முன்னாடி போப்பா. இன்னிக்கு உன் நாள்." டெல்மர் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினான். குழாய்க் கதவு வழியாக அவனுடைய ஊர் முழுசாகத் தெரிந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான்.

"கார்லீன், பயமா இருக்குன்னு உன்கிட்ட சொன்னேனே."

"சொன்னே. பயப்படறவன் மெதுவாத்தான் ஓட்டுவான். அதான் எனக்கும் வேணும்."

சொல்லிவிட்டுச் சீட்டைப் பின்னால் சாய்த்து, தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கீழ போனதும் எழுப்பு."