நம்மளுதை மட்டும் தொடாதீங்க

‘தொடாதே’ ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு, ஐயா. ஆபீசில் எதை மாற்றினாலும் கைதட்டுவார்கள். அவர்களுடையதை மட்டும் அசைக்கக் கூடாது. எங்கள் செல்வக்குமார் அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். தங்கமான மனுஷன். நமக்கு லீவு மறுத்தால் மேனேஜரிடம் சண்டைக்கே போவார். இடம் மட்டும் விட மாட்டார்.

ஆம்னி பஸ் டிக்கெட் விற்கிற கம்பெனி எங்களுடையது. பல சர்வர்களைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டரில் புரோகிராம்கள் தனித்தனி டப்பாவில் அடைத்த மாதிரி கன்டெய்னர் கன்டெய்னராக ஓடுகின்றன. ஒரு சர்வரைக் கழற்ற வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கமாண்ட் இருக்கிறது. மகா மரியாதைக்காரக் கமாண்ட்! ஒரு புரோகிராமை இறக்கும், அது வேறு சர்வரில் எழுந்து நிற்கும்வரை காத்திருக்கும், அப்புறம்தான் அடுத்ததைத் தொடும். ஒரே சமயத்தில் எத்தனையை இறக்கலாம் என்று அந்தந்தச் சொந்தக்காரர் எழுதி வைக்க வேண்டும். அண்ணன் எழுதியிருந்தது என்ன தெரியுமா? பூஜ்யம். போதாதென்று, பயணிகளுக்குப் பஸ் நிற்கிற இடத்தைச் சொல்லும் தன் புரோகிராமை ஒரே சர்வரோடு கட்டியும் போட்டிருந்தார்.

அந்த சர்வர்தான் அன்று காலையில் சூடாகி முனகத் தொடங்கியது. அதைக் காலி செய்கிற வேலை எங்கள் டீம் பிள்ளை இஷ்ரத்துக்கு. வில்லாபுரத்தில் அவள் அக்காவுக்கு அன்று சாயங்காலம் கல்யாணம் பேசிப் பூ வைக்கிறார்கள். சர்வர் காலியானால்தான் அவள் வீட்டுக்குப் போக முடியும். மதியத்துக்குள் மற்ற புரோகிராம்கள் எல்லாம் சமர்த்தாக இடம் மாறிவிட்டன. அண்ணனுடையதுக்கு முன்னால் மட்டும் கமாண்ட் கைகட்டி நின்றது.

“அண்ணே, கட்டை அவுத்துட்டு, பூஜ்யத்தை ஒண்ணுன்னு மாத்திக் குடுங்கண்ணே. அம்புட்டுதான் வேலை.”

“ஏம்மா இஷ்ரத், நம்மளுது முக்கியமானதும்மா. நாளைக்குப் பாப்பமே?”

“நாளைக்கு சர்வர் இருக்காதுண்ணே!”

“அதெல்லாம் இருக்கும்மா. டீ சாப்பிடுறியா?”

கமாண்டோடு இன்னொரு வார்த்தை சேர்த்தால் அதை அடித்துத் துரத்திவிடலாம். பயணிகள் தவிப்பார்களே என்று பிள்ளை அதைச் செய்யவில்லை. பாவம், கெஞ்சிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் சர்வரே உயிரை விட்டது. நகர்ந்த புரோகிராம்கள் ஜம்மென்று ஓடின. அண்ணனுடையது மட்டும் விழுந்தது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களெல்லாம் போன் போட்டு, “எங்கய்யா பஸ்ஸு?” என்று கத்தினார்கள்.

அண்ணன் என்ன சொன்னார்? “நான்தான் அப்பவே தொடாதேன்னு சொன்னேன்ல!”

இஷ்ரத் உட்கார்ந்து அதை இன்னொரு சர்வரில் எழுப்பினாள். பக்கத்தில் அவள் போனில், வீடியோ காலில், அக்காவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, நிஜமான அக்கறையோடு கேட்டார்: “நீ இன்னும் கெளம்பலையாம்மா?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று பெரியார் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினீர்களே, “உள்ள தள்ளி நில்லுங்கண்ணே” என்று கண்டக்டர் கத்தினபோது, படிக்குப் பக்கத்துக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவேன்” என்றது யார்?

கடைசியில் எத்தனையோ ஸ்டாப் தாண்டித் திருப்பரங்குன்றத்தில்தானே இறங்கினீர்கள்.