எங்கள் பல்கலைக்கழகத்தின் போனை என் மாமியார் எடுத்த நாள்

என் குரல் எனக்குப் பிடிக்காது. பேசும்போது ஒன்றும் தெரியாது. பதிவு செய்து கேட்டால்தான், எனக்குள் மூக்கடைத்த வாத்து ஒன்று குடியிருப்பது தெரியும். எங்கள் கல்யாண வீடியோவில் நான் பேசும் இடம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். (என் கணவர் அந்த இடத்தில்தான் சத்தத்தைக் கூட்டுவார்.) இந்தக் கூச்சத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை, ஒரு நாளைத் தவிர.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தேனிக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். ஆனால் என் நடை, பேச்சு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எல்லாமே பல்கலைக்கழகத்தை நான்தான் கட்டியது போல இருந்தன. சேர்ந்த மூன்றாம் மாதமே ஒரு திட்டத்தோடு ரிஜிஸ்ட்ரார் அறைக்குள் போனேன். மேசைக்கு மேசை இருக்கும் பழைய போன்களைத் தூக்கிவிட்டு, எல்லோரும் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஒரு ஆப் வழியாக இன்டர்நெட்டிலேயே பேசிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ரிஜிஸ்ட்ரார் நிதானமான மனிதர். எதையும் எழுத்தில் கேட்பார், எழுத்தில் கொடுப்பார். கேண்டீனில் வடை ஆறியிருந்தால்கூட அதற்கு ஒரு சுற்றறிக்கை வரும். என் திட்டத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதுல ரிசீவரை எடுத்தா டொய்ங்னு சத்தம் வருமா?”

“வராது சார். ரிசீவரே இல்ல.”

“அப்ப போன் உசுரோட இருக்குன்னு எப்படித் தெரியும்?”

எனக்கு அது அறியாமையின் உச்சமாகப் பட்டது. அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கடைசியில், “எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது” என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு சம்மதித்தார். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது என் பெயருக்குக் கீழே இரண்டு கோடு வேறு இழுத்தேன்.

மாணவர் சேர்க்கை தொடங்கும் திங்கட்கிழமை மாறுவது என்று முடிவானது. சனிக்கிழமையே எல்லா அறைகளிலும் இருந்த போன்களைக் கழற்றிச் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டாகிவிட்டது. இருபது வருடமாக எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எல்லா அழைப்புகளையும் எடுத்துக் கொடுத்த பஞ்சவர்ணம் அக்காவுக்கு ஒரு லேப்டாப்பும், காதில் மாட்டும் ஹெட்போனும் கொடுத்தோம்.

பாக்கி இருந்தது வரவேற்புக் குரல் ஒன்றுதான். வெளியிலிருந்து யார் அழைத்தாலும் முதலில் ஒரு குரல் வணக்கம் சொல்லி, எதற்கு எந்த எண் என்று சொல்ல வேண்டும். எதையும் அழுத்தாவிட்டால் அந்தப் பேச்சு முழுவதும் ஓடி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரிஜிஸ்ட்ராரே சுத்தத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆபீசில் பதிவு செய்யலாம் என்றால் ஜூன் மாதக் காற்று ஜன்னல் கதவை எல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. எனவே ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தேன். முதல் தடவை நடுவில் என் மாமியார் உள்ளே வந்துவிட்டார். அவர் போனதும் இரண்டாம் தடவை ஒழுங்காகப் பேசி முடித்தேன். ஒன்றுக்கு ‘வரவேற்பு இறுதி’ என்றும் இன்னொன்றுக்கு ‘வரவேற்பு கடைசி’ என்றும் பெயர் வைத்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.)

திங்கள் காலை ‘வரவேற்பு இறுதி’யை ஏற்றினேன்.

பஞ்சவர்ணம் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “ஒருக்கா போட்டுக் கேட்டுட்டியாத்தா?”

“கேட்டுட்டேன்க்கா,” என்றேன். வாத்துக்குப் பயந்து சொன்ன பொய்.

ஒன்பதரைக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. என் திரையில் ஒவ்வொன்றும் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். பத்து மணிக்குத் திரையே வயல் மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. பாதிப் பேர் எந்த எண்ணையும் அழுத்தாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிலர் வைத்துவிட்டு உடனே திரும்பவும் அழைத்தார்கள். ரிஜிஸ்ட்ராருக்கு, “சார், மக்கள் நம் வரவேற்பை மிகவும் ஆர்வமாகக் கேட்கிறார்கள்” என்று செய்தி அனுப்பினேன். அந்தச் செய்தி இன்னும் என் செல்போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

பத்தரைக்குப் பஞ்சவர்ணம் அக்கா வந்தார். “என்னமோ தெரியலத்தா, இன்னைக்குப் பேசுறவுக எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பேசுறாக. இருவது வருசத்துல ஒருத்தரு எங்கிட்டச் சிரிச்சதில்ல.”

“டெக்னாலஜிக்கா,” என்றேன்.

பதினொரு மணிக்கு என் கணவர் காசிம் செல்லில் அழைத்தார். கம்பத்தில் திராட்சை வியாபாரம் அவருக்கு. மார்க்கெட் நேரத்தில் அழைக்கவே மாட்டார்.

“ரஜியா, எங்கம்மா எதுக்கு உங்க யுனிவர்சிட்டில பேசிக்கிட்டு இருக்காக?”

“மாமி வீட்லதான இருக்காக?”

“அனுமந்தன்பட்டிக்காரரு ஒருத்தரு மக அட்மிசனுக்குப் போன் போட்டாரு. எங்கம்மா பேசுறாக. இங்கன ஸ்பீக்கர்ல போட்டு மார்க்கெட்டே கேட்டுக்கிட்டு இருக்கு. இந்தா, நீயே கேளு.”

செல்போனை அந்த ஸ்பீக்கர் பக்கம் காட்டினார் போல. திராட்சைப் பெட்டிகள் உரசும் சத்தத்துக்கு நடுவே அந்த வாத்தின் குரல் வந்தது.

“...மாணவர் சேர்க்கை தொடர்பான விவரங்களுக்கு எண் ஒன்றை அழுத்தவும். தேர்வுகள் தொடர்பான...”

“ஏத்தா, தனியா யாருகிட்டப் பேசிக்கிட்டு இருக்க?” அது மாமி.

“ரெக்கார்டிங் மாமி. காலேஜ் போனுக்கு.”

“அழுத்தவும் அழுத்தவும்னா யாருக்கு வெளங்கும்? பிள்ளையச் சேக்கணும்னா ஒண்ண அமுக்குங்க, பரீச்சைன்னா ரெண்ட அமுக்குங்க, ஆஸ்டல்ல சோறு சரியில்லன்னா மூண அமுக்குங்க. அம்புட்டுத்தான?”

“அப்படியெல்லாம் சொல்ல முடியாது மாமி. ரிஜிஸ்ட்ரார் எழுதிக் குடுத்தது. அந்த மனுசன் தும்மணும்னாக்கூட முன்னாடியே சர்க்குலர் அனுப்பிட்டுத்தான் தும்முவாரு.”

“ஆத்தீ, சளியா பிடிச்சிருக்கு? பாவம், கவனிக்க ஆளில்ல போல. சுக்கத் தட்டிப் போட்டு, மெளகும் கருப்பட்டியும் சேத்துக் கொதிக்கவச்சுக் குடிக்கச் சொல்லு. இந்தக் காத்துக்கு அதான் கேக்கும்.”

பிறகு குக்கர் விசில் மூன்று. பிறகு, “வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு...”

மார்க்கெட் முழுவதும் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

‘வரவேற்பு கடைசி’யை ஏற்றப் பார்த்தேன். அன்றைக்கென்று இன்டர்நெட் நத்தையாக நகர்ந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் படித்த படிப்பெல்லாம் அந்த நிமிடத்தில் காணாமல் போனது. எழுந்து ஓடி, சர்வர் அறையில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். வயரைப் பிடுங்கினால் பேச்சு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

பல்கலைக்கழகத்தின் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் செத்தன. அலுவலகம், விடுதி, நூலகம், துணைவேந்தர் அறை, எல்லாம். மாமி மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பதிவு இருந்தது எங்கள் கட்டடத்தில் இல்லை, எங்கோ தூரத்தில் ஆப் கம்பெனியின் கம்ப்யூட்டரில். அதை ரிஜிஸ்ட்ராருக்கு வகுப்பெடுத்துச் சொன்னதே நான்தான்.

வயரைத் திரும்பச் சொருகினேன். இன்டர்நெட் பெட்டி மறுபடி உயிர் பெற இருபது நிமிடம் ஆகும். முதல் ஐந்து நிமிடத்திலேயே ஆள் வந்துவிட்டது. ரிஜிஸ்ட்ரார் கூப்பிடுகிறார்.

அவர் மேசையில் பழைய போன் திரும்ப வந்திருந்தது. ஸ்டோர் ரூம் சாக்கிலிருந்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். எதனோடும் இணைக்கப்படாமல், தூசியோடு சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் தன் செல்போனை வைத்து, பல்கலைக்கழக எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார்.

“உக்காருங்க,” என்றார்.

முழுவதும் கேட்டோம். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, வணக்கத்திலிருந்து மூன்றாவது விசில் வரைக்கும். அவர் முகத்தில் ஒரு சதைகூட அசையவில்லை. ‘தும்முவாரு’ என்ற இடத்தில் நான் தரையில் ஓடிய எறும்பு ஒன்றைப் பின்தொடர்ந்து போய்விட முடியுமா என்று யோசித்தேன்.

பேச்சு முடிந்ததும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தது, கண் சுருங்கியது, மூக்கு விரிந்தது. பழைய போனின் தூசி. தும்மல் வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்துவிட்டது. கைக்குட்டையை அழுத்திப் பிடித்து, முகம் மிளகாய்ப்பழமாகச் சிவக்கும்வரை அடக்கினார். ஒரு மனிதன் கௌரவத்துக்காக இவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குள் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் அழுகைதான் முதலில் வெளியே வந்தது.

“சார், வேலையை விட்டு எடுத்துராதீங்க சார். தெரியாம நடந்துபோச்சு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

“ஏத்துறதுக்கு முன்னாடி ஏன் கேக்கல?”

“என் குரல் எனக்குப் பிடிக்காது சார்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நடந்ததை எழுத்துல குடுங்க. பேசுன வார்த்தை ஒண்ணு விடாம இருக்கணும்,” என்றார். எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

“அந்தச் சுக்கு... எவ்வளவு போடணும்னு அவுகளக் கேட்டுச் சொல்லுங்க. பத்து நாளா நெஞ்சுச் சளி.”

விளக்கக் கடிதம் எழுதியதுதான் இருப்பதிலேயே கொடுமை. ‘தாங்கள் தும்மும் முன்பே சுற்றறிக்கை அனுப்பிவிட்டுத்தான் தும்முவீர்கள் என்று நான் கூறியது உண்மையே’ என்று தட்டச்சு செய்து, கீழே ‘தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டுக் கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தது. தண்டனை ஒன்றும் இல்லை. ஓர் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தி, ‘கோப்பில் வைக்கவும்’ என்று எழுதியிருந்தார். நான் ஓய்வு பெறும்வரை என் பணிக் கோப்பில் அந்தத் தும்மல் இருக்கும்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மதியம் ‘வரவேற்பு கடைசி’ ஏறியதிலிருந்து பஞ்சவர்ணம் அக்காவுக்குத் தொல்லை ஆரம்பித்தது. எதை அழுத்துவது என்று புரியாமல் கண்டதை அழுத்தி எல்லோரும் அவரிடமே வந்து விழுந்தார்கள். “காலைல தெளிவாச் சொன்னாகளே ஒரு அம்மா, அவுக எங்க?” என்று பண்ணைப்புரத்திலிருந்து ஒருவர் சண்டையே போட்டாராம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அக்கா நேராக ரிஜிஸ்ட்ராரிடம் போய்ச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மாமியை அழைத்து வரச் சொல்லி உத்தரவு வந்தது. எழுத்தில்தான்.

மாமி பெருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தார். “எம் மருமகள ஏசுனாருன்னா நானும் ரெண்டு கேப்பேன்,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், ரிஜிஸ்ட்ராரைப் பார்த்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்து, “மொதல்ல இதக் குடிங்க, அப்பறம் பேசலாம்,” என்றார். அவர் மறுபேச்சில்லாமல் குடித்தார். பல்கலைக்கழகத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

பதிவு ஒரே தடவையில் முடிந்தது. ‘அழுத்தவும்’ என்று சொல்ல மாமி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்டல் சோறு மட்டும் ‘ஆஸ்டல் விசயம்னா’ என்று மாறியது. ரிஜிஸ்ட்ரார் என் பக்கம் திரும்பி, “இப்ப முழுசாக் கேட்டுட்டு ஏத்துங்க,” என்றார். கேட்டேன். மாமியின் குரல் மணி மாதிரி இருந்தது.

என் வேலையும் நிரந்தரமானது. இன்றும் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தால் எடுப்பவர் என் மாமியார்தான். போன வருடம் தேவதானப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் மாமி, “இங்கன கொஞ்சம் தால்ச்சா வைங்க,” என்று சொன்னதும், பரிமாறியவர் கரண்டியோடு அப்படியே நின்று, “ஒண்ண அமுக்கச் சொல்றவுக நீங்கதான?” என்று கேட்டார். அன்றிலிருந்து மாமி பொது இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பேசுகிறார்.

வீட்டில் இதனால் பிழைத்துக்கொண்டவர் என் கணவர்தான். எனக்கும் மாமிக்கும் ஏதாவது வாக்குவாதம் வந்தால், முன்பெல்லாம் வெளியே நழுவச் செருப்பைத் தேடுவார். இப்போது கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, மூக்கை அடைத்து என் குரலிலேயே அறிவிக்கிறார்:

“வணக்கம். அம்மாவிடம் பேச எண் ஒன்றை அழுத்தவும். மனைவியிடம் பேச எண் இரண்டை அழுத்தவும். இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்.”

அவர் இன்னும் இணைப்பில்தான் இருக்கிறார்.