கழுவி வைத்த பம்பு

உலகத்தில் வண்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், வண்டியைப் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, எதிலும் சேராமல், எல்லாவற்றிலும் தலையிட்டுக்கொண்டு, 'நானே பாத்துக்கறேன்' என்றொரு இனம் இருக்கிறது. அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். எந்தச் சாமானைப் பிரித்துப் பூட்டினாலும் இரண்டு திருகாவது மிஞ்சும். மிஞ்சியதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது சும்மா அழகுக்குப் போட்டிருக்கான்" என்பார்கள்.

நம் லாரிக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். லாரி தன்னுடையது என்று அவர் சொல்வார். மனைவியுடையது என்று பதிவுப் புத்தகம் சொல்லும். சாவி மட்டும் அவரிடம். அந்தச் சாவிக்கும் இப்போது ஆபத்து. துறைமுகத்துக்கு ஏற்றிய ஐஸ், வழியில் அவர் செய்த வைத்தியத்தால், போன மாதம் மட்டும் இரண்டு தடவை தண்ணீராகப் போய்ச் சேர்ந்திருந்தது. "இன்னொரு தடவை கரைஞ்சுதுன்னா சாவி என் தம்பி கைக்குப் போயிடும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னதோடு நில்லாமல், ஐஸுக்குக் காவலாகக் கேபினில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி யார் என்கிறீர்களா? மெக்கானிக். அன்று லாரி நான்கு முறை இருமிவிட்டு நின்றது, அதுவும் அவன் பட்டறைக்கு நேர் எதிரில்தான்.

உள்ளே அறுபது ஐஸ் பாளங்கள், மேலே மரத்தூள், அதற்கும் மேலே தார்ப்பாய். மூன்று மணிக்குப் படகுகள் கிளம்பிவிடும். டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சினுக்குத் தள்ளும் பம்பு உயிரை விட்டிருந்தது. மெக்கானிக் வாசலுக்கு வந்தான்.

"மாமா, நான் வரட்டுமா?"

கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! லாரிக்காரருக்குச் சுருக்கென்றது. "ரெண்டு போல்ட்டு, ரெண்டு பைப்பு. இதுக்கு ஒரு ஆளா? நானே பாத்துக்கறேன்."

மெக்கானிக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நியாயமாகச் சொன்னால், அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு போல்ட்டுதான். பக்கத்துக் கடைக்கு ஓடிப் புதுப் பம்பு வாங்கி வந்தார், பழையதைக் கழற்றினார். அதோடு விட்டிருந்தால் நானும் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் இந்த இனத்துக்குச் சுத்தத்தின் மேல் ஒரு பித்து உண்டு. கழற்றிய பழைய பம்பை டீசல் விட்டுக் கழுவி, தேய்ந்த பல் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, மனைவியின் கைக்குட்டையால் துடைத்து, கண்ணாடி மாதிரி மின்ன வைத்துவிட்டார்.

"தூக்கிப் போடறதை எதுக்குங்க கழுவறீங்க?" என்றாள் மனைவி, கேபினிலிருந்து.

"பொருளை மதிக்கத் தெரியணும்."

மதித்தார். மதித்துக்கொண்டிருந்த நேரத்தில், மடியிலிருந்த புதுப் பம்பு உருண்டு, கழிவு ஆயில் தட்டில் விழுந்து, கரிச்சட்டி நிறத்தில் எழுந்தது. பிறகு என்ன நடந்திருக்கும் என்கிறீர்கள்? பளபளத்ததை எடுத்து மாட்டினார். கறுப்பாக இருந்ததைக் காலால் ஓரம் தள்ளினார்.

சாவியைத் திருகினார். வண்டி அசையவில்லை.

"புதுசே போலி! இந்தக் காலத்துல எவனை நம்பறது?" என்றார். கழற்றினார். இன்னும் நன்றாகக் கழுவினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். மூன்றாவது முறை மாட்டியபோது கையில் ஒரு வாஷர் மிஞ்சியது. அழகுக்குப் போட்டது என்று பையில் போட்டுக்கொண்டார்.

இதற்குள் லாரியின் பின்னாலிருந்து குளுகுளுவென்று ஓர் ஓடை புறப்பட்டுத் தெருவைக் கடந்திருந்தது. டீக்கடைக்காரர் கிளாஸ்களை அலசினார். ஒருவர் சைக்கிளைக் கழுவினார். நாலு பேர் வாளியோடு வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாள் லாரிக்காரரிடமே கேட்டாள்: "ஏங்க, நாளைக்கும் இதே நேரத்துக்குத்தானே வரும்?"

அவர் திரும்பி, தார்ப்பாய் பள்ளமாக உட்கார்ந்துகொண்டே போவதைப் பார்த்தார்.

மனைவி கீழே இறங்கினாள். ஓரத்தில் கிடந்த கறுப்புப் பம்பை எடுத்து, கட்டை விரலால் துடைத்தாள்.

"என்னங்க, பழசுல எதுக்கு இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கு?"

அவர் அதைப் பார்த்தார். எஞ்சினில் மின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கடைசியில், பார்க்கவே கூடாது என்றிருந்த திசையில், ஸ்டூலைப் பார்த்தார். மெக்கானிக் ஏற்கெனவே எழுந்துவிட்டான்.

பத்து நிமிடம். அழுக்குப் பம்பை மாட்டி, பைப்பிலிருந்த காற்றை வெளியேற்றி, "மாமா, அந்த வாஷர்?" என்று கை நீட்டி வாங்கிப் போட்டான். லாரி உறுமியது. துறைமுகத்தில் தார்ப்பாயை விலக்கியபோது பதினோரு பாளங்களும் நிறைய ஈர மரத்தூளும் இருந்தன. படகுக்காரர்கள் அந்தப் பதினொன்றையும் எண்ணி இறக்கிக்கொண்டார்கள். மனைவி கையை மட்டும் நீட்டினாள்.

சாவியைக் கொடுத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. ஆனாலும் விட்டாரா? "முக்கால்வாசி வேலையை நான்தானே முடிச்சு வெச்சேன்!"

அன்று சாயங்காலம் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டியது. அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

சிரித்துவிட்டீர்கள், சந்தோஷம். உங்கள் வீட்டு இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்குமே, குலுக்கினால் திருகுகள் சத்தம் போடுமே, அவை எந்தெந்தச் சாமானிலிருந்து மிஞ்சியவை என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் எழுந்து போய், வண்டிச் சாவி மாட்டிய இடத்திலேயே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.