நாலு டயர் மட்டும் தெரிந்த மூன்று ஞாயிறுகள்

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணனும் நலம். அங்கு நீயும், உன் வீட்டுக்காரரும், போன மாதம் நீ படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிய உன் வலது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று பேசிவிடுவாய். கடிதத்தில் நான் கையெழுத்துப் போடும்வரை நீ வாயைத் திறந்தாலும் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பந்தயம் முடிந்த கையோடு குடும்பக் குழுவில், "அண்ணிக்கு வயசாயிடுச்சு பாவம், கண்ணும் கையும் ஒத்துழைக்கல, விட்டுடுங்க" என்று நீ எழுதினாய். அதற்குக் கீழே பதினோரு பேர் கைகூப்பினார்கள். அந்தப் பதினோரு பேரும் எந்த வரிசையில் கூப்பினார்கள் என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. நான் உன்னைவிடப் பதினான்கு மாதம்தான் மூத்தவள். என் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் இல்லை, பழுது கணினிக்கு. நான் நாலாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் நடந்த எதையும் மறந்தவள் இல்லை.

ஞாயிறுதோறும் நாலு மணிக்கு நீ உன் வீட்டிலும் நான் இங்கும் கணினியில் ஓட்டுகிற நம் கார் பந்தயத்தில் யார் முதலில் இருபது ஜெயிக்கிறாரோ அவருக்குத்தான் அடுத்த மாதம் எடுக்கிற குடும்பப் போட்டோவில் நடு நாற்காலி என்று பேசி வைத்தோம். அந்த நாற்காலி எனக்கு ஏன் வேண்டும் என்று உனக்கே தெரியும். என் கல்யாணப் போட்டோவில் என் முகத்தில் பாதியை உன் முழங்கை மறைத்துக்கொண்டிருக்கிறது. நாற்பத்து மூன்று வருஷமாக, வீட்டுக்கு வருகிறவர்கள் உன்னைக் காட்டி, "பொண்ணு இவங்களா?" என்று கேட்கிறார்கள். போகட்டும், அதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பு கணக்கு எனக்குப் பதினேழு, உனக்குப் பதினாறு. அப்போதுதான் பேரன் விட்டுப்போன இந்தக் கணினி விண்டோஸைச் சுமக்க முடியாமல் படுத்துக்கொண்டது. கணினிக் கடைக்காரரை வரவழைத்தேன். எங்கள் வீட்டில் அவருக்குப் பேர் 'ஆச்சும்மா'. பையைத் திறக்கும் முன்பே "ஆச்சும்மா" என்பார். அவர் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டார். "என் காரு ஓடுமா?" என்றேன். "அது விண்டோஸுக்குன்னு செஞ்ச கேம்தான், இருந்தாலும் ஓடும்மா. நடுவுல ஒரு புரோகிராம் இருக்கு, கேம் சொல்றதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லிடும்" என்றார். நடுவில் ஒரு துபாஷியை வைத்தால் எது எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உன் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் எட்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தவள் நீதானே.

முதல் ஞாயிறு நாலு மணிக்கு உட்கார்ந்தால் திரை முழுக்கக் கருப்பு. ரோடு இல்லை, மரம் இல்லை, நடுவில் ஒரு வெள்ளைக்கோடு மட்டும். உன் கார் என்று பார்த்தால் நாலு டயரும் இரண்டு விளக்கும், மேலே ஒன்றும் கிடையாது. நாலு டயர் தானாக வந்து என்னை முந்திப் போனால் நான் எதைப் பார்த்து மறிப்பேன்? தோற்றேன். இரண்டாவது ஞாயிறு அதே கருப்போடு சத்தமும் போச்சு. "கேம்ல சத்தம் எதுக்கும்மா?" என்று ஆச்சும்மா கேட்கிறார். "பின்னாடி வர்றவ எந்தப் பக்கமா வர்றான்னு எனக்குக் காதுதான்யா சொல்லும். அவ எப்பவும் எதிர்பார்க்காத பக்கமாத்தான் வருவா" என்றேன். அவர் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் நல்லாத்தான் போகுது, ஆனா வேற எங்கேயோ போகுதும்மா" என்றார். தேடினால், உன் அண்ணனின் காது மிஷினுக்குப் போய்க்கொண்டிருக்கிறது! செய்தி கேட்கட்டும் என்று முன்பொரு நாள் ஆச்சும்மாவே கணினியோடு இணைத்துக் கொடுத்தது. உன் அண்ணன் சாய்வு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, நாலு நாளா காதுக்குள்ள கார் ஓடுது, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீதான் ஏதோ பேசிக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன்."

"என் குரல் கார் சத்தம் மாதிரியா இருக்கு?"

"மேட்டுல ஏறும்போது மட்டும்."

ஆச்சும்மா பையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அதையும் குறித்து வைத்திருக்கிறேன். சத்தத்தை அந்தக் காதிலிருந்து பிடுங்கி ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்தால், மூன்றாவது ஞாயிறு அது கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி வெடிக்கிறது. நீ இடமா வலமா என்றே தெரியாமல் அன்றும் தோற்றேன். ஆக நீ பத்தொன்பது, நான் பதினேழு. அதற்குத்தான் நீ வயசைப் பேசினாய்.

திங்கட்கிழமை நானே இறங்கினேன். கணினியின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் சுடுகிறது, படம் வரைகிற அட்டை இருக்கும் பக்கம் சில்லென்று இருக்கிறது. நாள் முழுக்க வேலை பார்த்தவன் எவன், படுத்திருந்தவன் எவன் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்? ஆச்சும்மாவைப் போனில் பிடித்து, "உங்க அட்டை குளிர்ந்து கிடக்கு, அதுக்கு வேண்டிய புரோகிராமைப் போட்டீங்களா?" என்று கேட்டேன். போடவில்லை! விண்டோஸ் காலத்திலிருந்தே அந்த அட்டை சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது, கணினியோடு ஒட்டிப் பிறந்த சின்னச் சில்லுதான் தலையெழுத்தே என்று, அப்போது ரோடும் மரமும் மட்டும், இப்போது அதுவும் இல்லாமல், படம் வரைந்திருக்கிறது. அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் கணினிக்குக் கட்டளை போடுகிற கருப்புச் சன்னலில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அந்த மூன்று வரியையும் இப்போது கேட்டாலும் பார்க்காமல் சொல்வேன். சத்தத்துக்கு ஒரே ஒரு எண்ணைக் கூட்டி வைத்தோம், வெடிப்பு நின்றது. புதன்கிழமை மத்தியானம் ரோடு ரோடாகத் தெரிகிறது, கார் காராகக் கேட்கிறது.

ஆகவே அந்த மூன்று பந்தயமும் செல்லாது. கணக்கு மறுபடி பதினேழு, பதினாறு. குழுவில் நீயே உன் கையால் எழுத வேண்டும். கைகூப்பின பதினோரு பேரும் அதைப் படிக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கென்று திராட்சை வாங்கி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நீயே தின்று முடித்ததை நான் இதுவரை வெளியில் சொல்லவில்லை, இனியும் சொல்லாமல் இருக்கப் பார்க்கிறேன்.

உன் முழங்கால் ஆறட்டும், உன் வீட்டுக்காரருக்குப் பொறுமை நிலைக்கட்டும், உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், ஞாயிறு நாலு மணி ஒன்றைத் தவிர.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். அந்த ரோட்டுக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது. இத்தனை நாளில் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளைவில் ஒரு வெள்ளை வீடு, மாடியில் துணி காய்கிறது. நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனேன், ஆறு நிமிஷம் ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் நிறுத்தவில்லை, இருந்தும் நாலு நிமிஷம் நாற்பது. கருப்பில் ஓட்டின மூன்று ஞாயிறும் நாலு நிமிஷம் பத்துக்குள் வந்திருக்கிறேன், என் ஆயுசிலேயே வேகமான ஓட்டம் அவை. அப்படியும் நீதான் முன்னால் போயிருக்கிறாய். அதனால் பத்தொன்பது பதினேழாகவே இருக்கட்டும். கடல் கண்ணில் பட்டால் எனக்கு வேகம் வராது என்று அட்டையை நிறுத்திப் பழையபடி கெடுத்தாகிவிட்டது. சரிசெய்ய மூன்று வாரம், கெடுக்க ஒரே ஒரு சொடுக்கு. ஞாயிறு வந்து சேர். குழுவில் எதையும் எழுத வேண்டாம். இந்தப் பின்குறிப்பைப் படித்ததும் கிழித்துவிடு. கேட்டால் நான் எழுதவில்லை என்றுதான் சொல்வேன்.