மானியக் குழுவும் மூன்று வார மாவும்

அரசாங்கத்திடம் கை நீட்டப் போகிறவர்கள் முதலில் வாயை அடக்கப் பழக வேண்டும். நான் என் வாயை நன்றாகவே அடக்கியிருந்தேன். அடுத்தவர் வாயில் போவதைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அப்போது பாரிஸில் என் ஆராய்ச்சி ஒப்பந்தம் முடிகிற நேரம். தோசை மாவு வாரக்கணக்கில் புளிக்காமல் இருக்க ஒரு நுண்ணுயிர்க் கலவை கண்டுபிடித்திருந்தேன். உயிரறிவியலில் சிறுதொழில் தொடங்குவோருக்குப் பிராந்திய அரசு மானியம் தருகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். மானியம் வந்தால் கம்பெனி, கம்பெனி இருந்தால் விசா. வராவிட்டால் நானும் என் கணவரும் மூட்டை கட்டித் திருச்சிக்குப் போக வேண்டியதுதான்.

லா ஷப்பல் தெருவில் உணவகம் வைத்திருந்த குகன் அண்ணை என் தொழில் கூட்டாளி. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கடை ஃபிரிட்ஜில் மூன்று வாரமாக இரண்டு சின்ன வாளி மாவு இருந்தது. ஒன்றில் என் நுண்ணுயிர், இன்னொன்றில் வெறும் மாவு. மானியக் குழு நேரில் வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

"அண்ணை, வர்றவங்க அதிகாரிங்க. ஒரு காபிகூடக் குடுக்காதீங்க, லஞ்சம்னு நினைச்சிடுவாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். (பெரிய சட்டமேதை நான்!)

"வாற சனத்தை வெறும் வயித்தோட அனுப்பிறதோ?" என்றார், நான் ஏதோ கொலை செய்யச் சொன்னதுபோல.

"ஆமா. அனுப்புங்க."

குழு வந்த அன்று கடைக்கு விடுமுறை. தலைவி ஒரு கண்டிப்பான மதாம், அவரோடு இரண்டு பேர். நான் கோட்டு மாட்டிக்கொண்டு வரைபடங்களைத் திரையில் காட்டி முழங்கிக்கொண்டிருந்தேன். பாதியில், கமகமவென்று மூன்று தட்டு தோசை வந்து இறங்கியது. பின்னால் சட்னியுடன் அண்ணை. என் பக்கம் திரும்பவே இல்லை மனிதர்.

தட்டுகளை எடுத்துவிடப் பாய்ந்தேன். ஆனால் மதாம் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், நான் தமிழச்சியாகிவிட்டேன். சட்டமாவது, லஞ்சமாவது! "இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள், மெலிசுதான்" என்று பிரெஞ்சில் உபசரிக்கத் தொடங்கினேன். நானும் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு, "இன்னிக்கு ரொம்ப நல்லாருக்கு அண்ணை" என்று பாராட்டு வேறு.

மதாம் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்போது அந்த மாவைப் பார்க்கலாமா?" என்றார்.

சமையலறைக்குப் போனேன். இரண்டு வாளியும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அண்ணை... மாவு?"

"ஒண்டு புளிச்சுப்போய்க் கிடந்தது, ஊத்திப்போட்டன். மற்றது நல்லாக் கிடந்தது. பின்னை, நீர் ஒண்டும் செய்ய விடேல்லை. கடையில வேற என்ன இருக்கு?"

அடப்பாவி மனுஷா! என் ஆய்வு வெற்றி பெற்றிருந்தது. ஆனால் வெற்றி மூன்று அதிகாரிகளின் வயிற்றில் இருந்தது. (கொஞ்சம் என் வயிற்றிலும்.)

வெளியே வந்து உண்மையைச் சொன்னேன். குழுவில் ஒருவர் மெல்லத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "பயப்படாதீர்கள், எல்லாம் தோசை மாவில் வழக்கமாக இருக்கிற உயிர்கள்தான்" என்றேன். மதாமுக்குச் சிரிப்பு வந்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார். ஆனால் ஆதாரத்தைச் சாப்பிட்டவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாதாம். விண்ணப்பம் வேறொரு குழுவுக்குப் போகும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

அவர்கள் போனதும் சமையலறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மாதக்கணக்கில் காத்திருக்க எனக்கு விசா ஏது? அண்ணை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"அழாதையும் பிள்ளை. பிழை என்ர. ஒப்பந்தம் முடிஞ்சா இஞ்சை வாரும். கடையில வேலை எண்டு பேப்பர் எல்லாம் முறையாச் செய்து தாறன்."

சொன்னபடியே செய்தார். உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற நான், தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு அங்கே மாவு அரைத்தேன். அந்த வேலையால்தான் எங்களால் பாரிஸில் நிற்க முடிந்தது. அதற்கு அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

இரண்டாவது குழு வந்தபோது தண்ணீர் மட்டுமே கொடுத்தோம். புதிதாக வைத்த வாளிகளைப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். மானியம் கிடைத்துவிட்டது. அவர்கள் கிளம்பிய மறுநிமிடம் அண்ணை வடைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு 'கார் து நோர்' ரயில் நிலையம்வரை துரத்திக்கொண்டு ஓடினார். வாங்க மறுத்துவிட்டார்களாம். அன்று முழுவதும் அவருக்கு மனசே சரியில்லை.

கம்பெனி இன்றும் நடக்கிறது. இங்கேயே பிறந்த என் மகள் நான் எது கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். ஃபிரிட்ஜைத் திறக்கும்போது மட்டும், அப்பா சொல்லிக்கொடுத்த அழகான தமிழில் கத்துவாள்:

"அம்மா, இது சாப்பாடா, ஆதாரமா?"