பால்கனியில் நிற்கும் லூர்துராணி

மரியே வாழ்க.

உறையூர், திருச்சி.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு.

அன்பிற்குரிய மனைவி லூர்துராணிக்கு, உன் கணவன் பிலோமின்ராஜ் பிரியமுடன் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் மகள் ஆஷ்லியும் சுகம். குவைத்தில் நீயும், உன் வார்டில் படுத்திருப்பவர்கள் அத்தனை பேரும் சுகமாக வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் ரூமில் உன்னோடு நான்கு நர்ஸுகள். நீயோ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சப்பாத்தி தேய்க்கிறாய். போன வாரம் மனசு விட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் "சேட்டா சூப்பர்" என்று மலையாளத்தில் பாராட்டினாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். நம் தெரு வசீம் லீவு முடிந்து இன்று சாயங்காலம் குவைத்துக்குக் கிளம்புகிறார். முறுக்குப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை எல்லோருக்கும் பங்கு போடு, கடிதத்தைத் தனியாகப் படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன்னை வார்டு இன்சார்ஜ் ஆக்கி, இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும் என்றாய். "வீடு எந்த அளவுல இருக்குங்க? முடிஞ்சிடுச்சுன்னா சொல்லுங்க, வந்துடறேன்" என்றும் கேட்டாய். ஒன்பது வருஷமாக நீ சொல்வது அதுதான், வீடு முடியட்டும், வந்துடறேன். நானும் ஆஷ்லியும் உட்கார்ந்து பேசினோம். "அம்மாவுக்கு அந்த வேலை பிடிச்சிருக்குப்பா. நீங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டு வா வான்னு சொல்லாதீங்க" என்று உன் மகள் உத்தரவு போட்டுவிட்டாள். பிளஸ் டூ படிக்கிறவள் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். ஆகவே யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடு. வீடு முடிய இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

டோல்கேட் தாண்டி நம் மனையை நீ இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்தபோது சுற்றிலும் வாழை, நடுவே நம் நாலு எல்லைக் கல். இப்போது அங்கே நாற்பது வீடு. நாற்பதும் ஒரே வீடு. சாம்பல் கலர் சுவர், அதில் ஒரு ஆரஞ்சுப் பட்டை, ஜன்னலைச் சுற்றிப் பெரிய சதுரச் சட்டம், ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு கிடையாது. நம் வீட்டுக்குப் படம் போடும் நவநீதன் தம்பியிடம், மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "மழை வருஷத்துல எத்தனை நாள் சார் வருது? எலிவேஷனை, அதான் முகப்பை, தினமும் பார்க்கறாங்க" என்றார். நான் தினமும் காலையில் காலேஜ் ஆபீசுக்குப் போகும் முன் ஒரு நடை போய், பூசிய சுவருக்குத் தண்ணீர் அடிப்பது உனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் ஒருவர் வெளியே வந்து, "ரொம்ப நன்றிங்க, நான் ஊர்ல இல்லாதப்ப நாலு நாளா எங்க சுவரை நனைச்சிருக்கீங்க" என்று கும்பிட்டார். நம் சுவர் அதற்கடுத்த தெருவில் காய்ந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு மாதம் தாமதம்.

அடுத்த தாமதம் சமையல்கட்டினால் வந்தது. நீ இந்த வீட்டுக்காகக் கேட்டது ஒன்றே ஒன்று. "சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா நீங்க தெருவுல வர்றது தெரியணும்" என்றாய். உங்கள் ரூமில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி மட்டும் தெரிகிறது என்று சொன்ன அன்று கேட்டாய். நவநீதனின் படத்தில் சமையல்கட்டு வீட்டின் பின்பக்கம். முன்னால் கொண்டுவாருங்கள் என்றேன். "எலிவேஷன் கெட்டுடும் சார், முன்னாடி யாராவது கிச்சன் வைப்பாங்களா" என்று ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. அவர் சம்மதித்தால் வீரமலை மேஸ்திரி சம்மதிக்கவில்லை. "அக்னி மூலையை விட்டு அடுப்பை நகத்தக் கூடாதுங்க" என்றார். நாங்க வேதக்காரங்க, வாஸ்து பார்க்கறதில்லை என்றேன். "அடுப்புக்கு அது தெரியுமாங்க" என்று கேட்டுவிட்டுக் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த மூன்று வாரம். பிறகு அடுப்பு மேடை. எல்லா வீட்டிலும் முப்பத்திரண்டு அங்குலம் வைக்கிறார்கள், என் மனைவிக்கு அது உயரம் என்றேன். "மேடம் ஹைட் எவ்வளவு சார்?" என்றார் நவநீதன். திடீரென்று கேட்டால் என்ன சொல்வது? என் சட்டையின் மேல் பட்டனைத் தொட்டு, இதுவரைக்கும் வருவாள் என்றேன். அவர் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து என் பட்டன் வரை அளந்து எழுதிக்கொண்டார்.

இனி எழுதப்போவதைப் படித்துக் கோபப்படாதே. கட்டுகிற இடத்தில் வீட்டின் கம்ப்யூட்டர் படத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து வைப்பது இப்போது வழக்கம். நம் படத்தில் நம்முடையது அல்லாத கார் ஒன்று, நாய் ஒன்று, பால்கனியில் காபி கப்போடு கைவைக்காத ஜாக்கெட்டில் ஒரு பெண். வருகிறவர் போகிறவர் எல்லாம் "ஓனரம்மாங்களா?" என்று கேட்டார்கள். அந்த அம்மாவை எடுத்துவிட்டு என் மனைவியை நிறுத்துங்கள் என்று உன் படத்தை அனுப்பினேன். என் போனில் நேராகப் பார்க்கிற மாதிரி இருந்தது உன் விசாவுக்கு எடுத்த படம்தான். ஸ்டூடியோக்காரர் சிரிக்கக் கூடாது என்றதால் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாயே, அது. உடம்பு பொருந்தவில்லை என்று உன் முகத்தை மட்டும் பால்கனிக்கு மேலே வட்டத்துக்குள் வைத்தார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரர் தன் பங்குக்குச் சுற்றிலும் பூ பார்டர் போட்டார். வேலை ஆரம்பித்த தேதியும் முடியவேண்டிய தேதியும் போடச் சொல்லியிருந்தேன். எழுத்துக்கும் வருஷத்துக்கும் இடமில்லாததால் உன் முகத்துக்குக் கீழே நாளும் மாதமுமாக இரண்டு தேதிகள் மட்டும் நின்றன. எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை, நீ நன்றாக இருக்கிறாய் என்பதைத் தவிர.

ஒரு செவ்வாய்க்கிழமை அதை வைத்தோம். புதன்கிழமை காலை எங்கள் ஆபீஸ் சிவசங்கர் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். நான் பத்து மணிக்கு உள்ளே நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். சூப்பிரண்டெண்ட் என் இரண்டு கையையும் பிடித்து "தைரியமா இருங்க" என்றார். என்னை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, "பரவாயில்லை சார், போகப் போகப் பழகிடும்" என்றேன். டைப்பிஸ்ட் அம்மா விம்மி அழுதார். விஷயம் புரிந்து எல்லோரிடமும் விளக்கி முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஃபிளெக்ஸைக் கழற்றலாம் என்று ஓடினால், அந்தப் பகுதிக் கோயில் பங்கின் அன்பிய ஜெபக்குழுப் பெண்கள் எட்டுப் பேர் மணல் குவியல் முன்னால் உனக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்தில் மூன்றாவது காரணிக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபமாலையை நடுவில் நிறுத்தக் கூடாதே என்று நானும் முழங்காலிட்டு முடித்தேன். அதன்பிறகு நீ உயிரோடு இருப்பதைச் சொன்னேன். "உயிரோட இருக்கறவங்களுக்கு எதுக்குங்க பூ பார்டர்?" என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாக எதிர் டீக்கடை இருசம்மாள் ரோஜா மாலையோடு வந்தார். "அவங்க இருக்காங்கம்மா. குவைத்துல நர்ஸா இருக்காங்க" என்றேன். "எத்தனை வருஷமா?" என்று கேட்டார். ஒன்பது வருஷம் என்றேன். கொஞ்ச நேரம் உன் படத்தைப் பார்த்தார். "சரிங்க, வாங்கினது வாங்கியாச்சு" என்று மாலையை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பஸ் கொள்ளிடம் பாலம் தாண்டுகிறவரைக்கும் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. மடியில் மாலையோடு அழுகிறவனைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து ஜன்னலோரம் கொடுத்தார். ஃபிளெக்ஸை இன்னும் நான் கழற்றவில்லை. ஆடிக் காற்றில் வீட்டுப் படம் கிழிந்து பறந்துவிட்டது, உன் முகம் மட்டும் இருக்கிறது. காலையில் அதன் முன்னால் நின்றுதான் டீ குடிக்கிறேன்.

இப்படித்தான் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இன்னும் பெயின்ட், கேட், மோட்டார் என்று எத்தனையோ பாக்கி. ஆகையால் வீட்டை நினைத்து நீ கவலைப்பட வேண்டாம், கையெழுத்துப் போடு, இன்சார்ஜாகப் பேரோடு இரு. எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், சாம்பார் வைக்கப் பழகிவிட்டேன், ஆஷ்லியும் அதைச் சாப்பிடப் பழகிவிட்டாள். லூர்து மாதா உன் கால் வலியைத் தீர்த்து, நைட் டியூட்டியில் துணையாக நிற்கட்டும். ரூமில் உள்ள தங்கைகளுக்கு என் அன்பைச் சொல். அந்த சேட்டா சூப்பர் பெண்ணுக்கு மட்டும் ஒரு முறுக்கு குறைத்துக் கொடு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
பிலோமின்ராஜ்

பின்குறிப்பு: வசீம் வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக. வீடு முடிந்து ஏழு வாரம் ஆகிறது. பெயின்ட், கேட், மோட்டார் எல்லாம் ஆயிற்று. புது வீட்டை மந்திரிக்க வருகிறேன் என்ற பங்குச் சாமியாரிடம் நான்தான் இரண்டு முறை தேதி தள்ளிவைத்தேன், வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் நீ வராவிட்டால், எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இருக்காதே என்று பயம், ராணி. நாற்பது வீட்டில் முன்னால் சமையல்கட்டு வைத்தது நம் வீடு ஒன்றுதான், இப்போதெல்லாம் எனக்கு வழி தப்புவதில்லை. சாயங்காலம் தெருமுனையிலிருந்து அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறேன். மேடை உயரம் சரியா என்று வீரமலை மேஸ்திரி கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒன்பது வருஷத்தில் நான் கொஞ்சம் கூனியிருந்தால் அந்தப் பட்டன் கணக்கே தப்பு. அதை நீ வந்து நின்றால்தான் சொல்ல முடியும். கையெழுத்துப் போடாதே.