ஈரச் சுவரும் எட்டுத் தண்டவாளமும்

"காலித் தடம் ஒன்றை வைத்திருப்பவன்…" மாமனார் இப்படித்தான் ஆரம்பிப்பார். 'பாக்கியவான்' என்று முடிப்பாரா, 'பைத்தியக்காரன்' என்று முடிப்பாரா என்பது வெண்டலுக்கு நினைவில்லை. சரக்கு வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் கேல்ஸ்பர்க் ரயில் யார்டில் ஆயுளைக் கழித்த மனிதர். வான்கோழி விருந்தன்று வாய் நிறையக் கறியோடுதான் தத்துவம் பேசுவார். பாதித் தத்துவம் கறியோடு உள்ளே போய்விடும்.

மாமனாரின் யார்டு மைல் கணக்கில் நீண்டு கிடந்தது. மருமகன் வெண்டலின் குட்டி ரயில் யார்டு வீட்டு நிலவறையில், பலகை மேல், இடுப்பு உயரத்தில் கிடந்தது. எட்டுத் தண்டவாளங்கள். உள்ளங்கை நீள வேகன்கள். வேகன்களை இழுத்துத் தள்ளும் ஷண்டிங் என்ஜின் மெயின் லைனைத் தொடாமல் முன்னும் பின்னும் போய்வரத் தனி வழி. ஜல்லியைக்கூட ஸ்பூனால் கொட்டி, தூரிகையால் கூட்டி, பசைத்தண்ணீர் தெளித்து ஒட்டியிருந்தான். தன் தலையை அவன் அவ்வளவு அக்கறையாக வாரியதில்லை. வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

குறை ஒன்றுதான். யார்டில் எதுவும் நகரவில்லை.

"இனி ஒரு வேகன்கூட வாங்க மாட்டேன்" என்று மனைவி மார்லிஸிடம் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சத்தியம் செய்கிறவன் வெண்டல். ஈஸ்டர் வருவதற்குள் நான்கைந்து வேகன்கள் வந்து சேரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். ஆனால் ஒரு பூசணிக்காயை நூறு பூசணிக்காய்களுக்கு நடுவே மறைக்கலாம். பழுப்பு வேகனைப் பழுப்பு வேகன்களுக்கு நடுவே நிறுத்திவிட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத் தெரியும்? இப்படி மறைத்து மறைத்து எட்டுத் தடமும் நிரம்பிவிட்டது. ஒரு வேகனை வெளியே எடுக்க, முன்னால் நிற்பவற்றை எங்காவது தள்ளி வைக்க வேண்டும். அந்த 'எங்காவது' எங்கும் இல்லை.

வருகிற சனிக்கிழமை, குட்டி ரயில் சங்கத்தார் முதன்முறையாக இவன் வீட்டுக்கு ரயில் ஓட்ட வருகிறார்கள். ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டு, நிஜ ரயில்வே போலவே சாயங்காலம் முழுக்க ஓட்டுவார்கள். யார்டு அடைத்துக்கொண்டால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டு டுவெயின், சங்கத் தலைவன், முன்கூட்டியே பார்வையிட வந்தான்.

"வெண்டல், இது யார்டா, வேகன் கிடங்கா?"

"இடம் பத்தலடா. இன்னும் நாலடி நீளம் கிடைச்சா ஜோராயிடும்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கோயேன்."

"அந்தப் பக்கம் மார்லிஸ் இருக்கா."

டுவெயின் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான், துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

சுவருக்கு அந்தப் பக்கம் மார்லிஸின் தையலறை. துணித்துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறவள். அவளுடைய துணி வெட்டும் மேசை மட்டும் அங்கே கொள்ளாமல் மாடிப்படிக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. யார்டு ஓரத்து நடைபாதையில் அதைப் போட நாலு விரல் இடம் குறைந்தது. "நாலு விரல் என்ன, நகம் அளவுகூட விட முடியாது" என்று வெண்டல் அப்போது கர்ஜித்திருந்தான்.

இப்போது கர்ஜனை வேலைக்காகாது. தந்திரம் வேண்டும். சுவரில் ஈரம் கண்டால் மார்லிஸ் தானாகவே துணிமணியைத் தூக்கிக்கொண்டு மேலே மகள் கரினின் காலி அறைக்குப் போய்விடுவாள். புதன்கிழமை அவள் சர்ச்சுக்குத் தைக்கப் போனதும், பட்டறை மேசையிலிருந்த தெளிப்பான் பாட்டிலை எடுத்துத் தையலறைச் சுவர் முழுக்கப் புஸ் புஸ்ஸென்று அடித்தான். மேசையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் தண்ணீர். மற்றதில், ஜல்லிக்குத் தெளிக்கும் பசைத்தண்ணீர்.

மார்லிஸ் திரும்பி வந்தாள்.

"வெண்டல்! இங்க வா. சுவரெல்லாம் ஈரம்."

"அடடா! நிலவறைன்னா அப்படித்தான். உன் துணியெல்லாம் பூஞ்சை பிடிச்சிடும் மார்லிஸ். பேசாம மேல கரின் ரூமுக்கு…"

அவள் சுவரில் வைத்திருந்த கையை எடுத்தாள். கை வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. பக்கத்தில் ஒரு நீலத் துணித்துண்டு, ஆணி இல்லாமல், கயிறு இல்லாமல், சுவரில் நின்றுகொண்டிருந்தது. மார்லிஸ் துணியைப் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் கண்டிராத பரிவு அவள் முகத்தில் வந்தது.

"ஐயோ பாவம், இது உன் பக்கத்திலேர்ந்துல்ல கசியுது!"

"என் பக்கமா?"

"பின்ன? உன் வேகன் சக்கரமெல்லாம் துரு ஏறிட்டா சனிக்கிழமை என்ன பண்ணுவ?"

"சக்கரம் பிளாஸ்டிக்தான் மார்லிஸ்."

"எல்லாத்தையும் உலோகச் சக்கரமா மாத்திட்டேன்னு டுவெயின்கிட்ட பீத்திக்கிட்டியே?"

ஈரமே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். துவைக்கிற துணிக் கூடையில் வேகன்கள் மேலே போயின. கரினின் கட்டில் மேல் மார்லிஸ் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள்.

"இது நம்ம கல்யாண நாளுக்கு வந்தது. இது எங்க அப்பா கொடுத்தது. இவர் யாரு? அறிமுகமில்லையே."

"அது… ரொம்பப் பழசு."

"புதுப் பெயின்ட் வாசனை கூடப் போகல. கூட வந்தவங்களா இவங்கெல்லாம்? பெரிய குடும்பம்!"

தெரிந்த முகங்கள் கீழே திரும்பின. "தெரியாதவங்க இங்கயே தங்கட்டும். ஈரம் காயட்டும்" என்று அறைக் கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை யார்டு பறந்தது. எண்ணெய் போட்ட கீல் மாதிரி வேகன்கள் பிரிந்தன, சேர்ந்தன, கிளம்பின. மெயின் லைனில் ஒரு ரயில்கூடக் காத்திருக்கவில்லை. "யார்டுன்னா இதுடா!" என்று டுவெயின் வெண்டலின் முதுகில் அறைந்தான். வெண்டலுக்கு நெஞ்சு விரிந்து சட்டைப் பித்தான் திணறியது. மார்லிஸ் காபியும் எலுமிச்சைக் கேக்கும் கொடுத்துவிட்டுக் கடைசிவரை நின்று பார்த்தாள்.

"வெண்டல், அந்த மூணு தடம் சும்மாவே கிடக்கே?"

சபை கூடியிருக்கிறது. வெண்டல் தொண்டையைச் செருமினான். "அதுதான் சூட்சுமமே மார்லிஸ். உங்க அப்பாவே சொல்வாரே, காலித் தடம் ஒன்றை வைத்திருப்பவன்…"

நின்றுவிட்டது.

"…யார்டை ஆளுவான். வைக்காதவனை யார்டு ஆளும்" என்று மார்லிஸ் முடித்தாள். சங்கத்தார் கை தட்டினார்கள். அவர்கள் தட்டி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். "ஒண்ணுன்னுதான் அப்பா சொன்னாரு. மூணுன்னு சொல்லல. மிச்சம் ரெண்டைப் பேத்துப் பலகையை அறுத்துட்டா, சரியா நாலு விரல் வரும். என் மேசை உள்ள வந்துடும்."

"நியாயம்தானே" என்றான் டுவெயின், வாயில் கேக்கோடு.

"அதுக்கு… அதுக்கு உன் ரூம்லயே எப்படியாவது போட்டுக்கலாமே. ஈரம் காஞ்சிருக்கும்."

"காஞ்சிடுச்சு. ஒரு நீலத் துணி மட்டும் சுவத்தை விட்டு வரமாட்டேங்குது. டுவெயின், நீ ஜல்லி ஒட்ட என்ன பசை போடற?"

டுவெயின் மெல்லுவதை நிறுத்தினான். எல்லாத் தொப்பிகளும் வெண்டல் பக்கம் திரும்பின.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும், டையைக்கூட அவிழ்க்காமல், ஏழாவது தடத்தையும் எட்டாவது தடத்தையும் வெண்டல் பெயர்த்தெடுத்தான்.